களையெடுக்க எட்டுப் பேர்

மேஸ்திரி: ...அதெல்லாம் சரி முதலாளி, நிழல் இருக்கா?

முதலாளி: நிழலா? களையெடுக்குற வயல்ல நிழல் எதுக்கும்மா?

மேஸ்திரி: எங்க பொம்பளைங்க உக்காந்து சாப்பிடணும்ல. போன வாரம் ஒருத்தர் கொட்டகையே போட்டுக் குடுத்தார். ஃபேனோட.

முதலாளி: வயல்ல ஃபேனா!

வீட்டுக்காரர்: டேபிள் ஃபேன்தான் முதலாளி, பயப்படாதீங்க.

முதலாளி: உள்ள யாரு, உன் வீட்டுக்காரரா? வேலைக்குப் போகலியா?

வீட்டுக்காரர்: சாயங்கால ஷிப்ட். அதுவரைக்கும் சமையல் என் பொறுப்பு. இப்ப வெங்காயம் உரிக்கிறேன். கம்பெனியிலயும் வெங்காயம்தான் உரிக்கிறேன். அது கப்பல்ல வர்றது, இது கடையில வாங்குனது. கண்ணீர் ஒண்ணுதான்.

முதலாளி: நம்ம மண்ணுல விளையாததா? கப்பல்ல எதுக்கு வரணும்?

மேஸ்திரி: விளைய வைக்க ஆள் வேணும்ல? ஆளெல்லாம் உரிக்கப் போயிட்டாங்களே... சரி, விஷயத்துக்கு வாங்க. எத்தனை பேர் வேணும்?

முதலாளி: எட்டுப் பேர்.

மேஸ்திரி: எந்த வயலுக்கு?

முதலாளி: அதான்... கிணத்துப் பக்கத்து வயல். களை மண்டிக் கிடக்கு.

வீட்டுக்காரர்: கிணத்துப் பக்கமா? அந்த வயலைத்தானே நாம—

மேஸ்திரி: அடுப்பைப் பாருங்க! தீயுற வாசம் வருது!

வீட்டுக்காரர்: நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலியே...

மேஸ்திரி: அப்பப் போய்ப் பத்த வைங்க! நீங்க சொல்லுங்க முதலாளி. ஃபோட்டோ இருக்கா?

முதலாளி: யாரு ஃபோட்டோ?

மேஸ்திரி: வயல் ஃபோட்டோ. பாக்காம எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க.

முதலாளி: இரு... இந்தா. பாத்தியா, எவ்வளவு களை!

மேஸ்திரி: நடுவுல நிக்கிறது நீங்கதானா? முடியெல்லாம் கறுப்பா இருக்கே.

முதலாளி: டை அடிச்சிருந்தேன்.

மேஸ்திரி: முடியே நிறைய இருக்கே!

முதலாளி: ...கொஞ்சம் பழைய ஃபோட்டோ.

மேஸ்திரி: வந்ததும் அறுவடைன்னீங்க. இப்பக் களைங்கிறீங்க.

முதலாளி: ரெண்டும்தான்.

மேஸ்திரி: களையையே அறுவடை பண்ணிடலாம்னு இருக்கீங்களா?

முதலாளி: கிண்டல் பண்ணாதேம்மா. முடியுமா முடியாதா?

மேஸ்திரி: குரூப்புல கேக்கணும். உங்களுக்கு அங்க எத்தனை ஸ்டார் தெரியுமா?

முதலாளி: எனக்கு ஸ்டாரா?

மேஸ்திரி: எல்லா முதலாளிக்கும் போடுவோம். நல்லா நடத்துனவங்களுக்கு அஞ்சு. உங்களுக்கு ஒண்ணரை.

முதலாளி: ஒண்ணரையா! அந்த ஒண்ணு எதுக்கு?

மேஸ்திரி: கூலியை இழுத்தடிக்காமக் குடுத்ததுக்கு.

முதலாளி: அரை?

மேஸ்திரி: உங்க வீட்டம்மா குடுத்து விட்ட டீக்கு.

முதலாளி: அப்ப மிச்சமெல்லாம் எங்க போச்சு?

மேஸ்திரி: குடைக்குப் போச்சு. வரப்புல குடை பிடிச்சுட்டு நின்னு, எவளாவது முதுகை நிமித்துனா, "ஏய், மேல என்ன வேடிக்கை? களை கீழதான இருக்கு!"ன்னு கத்துவீங்களே...

முதலாளி: அது... சும்மா, உற்சாகப்படுத்தறதுக்கு.

வீட்டுக்காரர்: எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான் உற்சாகப்படுத்துவாரு. அவருக்கு மைக்கே குடுத்திருக்காங்க.

மேஸ்திரி: நீங்க உள்ள போங்கன்னேன்ல. எட்டுப் பேர் கஷ்டம் முதலாளி.

முதலாளி: ஆறு?

மேஸ்திரி: ம்ஹூம்.

முதலாளி: மூணு பேர்... சரி, ஒருத்தர் வந்தாக்கூடப் போதும்மா.

மேஸ்திரி: எட்டுப் பேர் வேலையை ஒருத்தியா செய்வா?

முதலாளி: நானும் கூட நின்னு செய்வேன்ல.

மேஸ்திரி: நீங்களா? குடையோடயா?

முதலாளி: குடையை வித்தாச்சு... இல்ல, எங்கயோ தொலைஞ்சு போச்சு.

மேஸ்திரி: முதலாளி, என்னைப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்கு ஆள் வேணுமா, இல்ல வேலை வேணுமா?

முதலாளி: ...கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

மேஸ்திரி: ஏங்க, தண்ணி!

வீட்டுக்காரர்: உள்ள போன்னே, வெளிய வான்றே... இந்தாங்க முதலாளி. மெல்லக் குடிங்க.

முதலாளி: வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வயல் என் கையில இல்ல. விக்கல... குத்தகைக்கு விட்டுட்டேன். ஆளுக்கு அலைஞ்சு அலைஞ்சு செருப்புதான் தேஞ்சுது. புரோக்கர் எதோ ஒரு பார்ட்டி எடுத்துக்குதுன்னான். யாருன்னுகூட நான் கேக்கல.

மேஸ்திரி: ஏன் கேக்கல?

முதலாளி: கேட்டா பேர் சொல்லுவான். பேர் தெரிஞ்சா கோபம் வரும். கோபம் வந்தா அழுகையும் வரும். எதுக்கு வம்பு?

வீட்டுக்காரர்: பாவம்டி... சொல்லிடேன்.

மேஸ்திரி: சும்மா இருங்க! அப்புறம், முதலாளி?

முதலாளி: அப்புறம் வீட்டுலயே உக்காந்தேன். வீட்டம்மா தூசி தட்டும்போது சோபாவோட சேத்து என்னையும் தட்டிட்டுப் போறா. குத்தகைக் காசு அவ மாத்திரைக்கே சரியாப் போகுது. குடோன்ல வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனேன். வயசைக் கேட்டாங்க, டீ வாங்கிக் குடுத்து ஆட்டோ ஏத்தி விட்டுட்டாங்க. அதான்... உங்க குரூப்புல ஒரு இடம் இருந்தா, நீங்க பாத்து...

மேஸ்திரி: "நீங்க"ளா? இவ்வளவு நேரம் நீ, வா, போன்னுட்டு இருந்தீங்க!

முதலாளி: வேலை கேக்குறப்ப "நீ"ன்னு எப்படிக் கேக்கறது?

மேஸ்திரி: அதை மொதல்லயே கேட்டிருக்கலாம்ல? எதுக்கு எட்டுப் பேர், ஆறு பேர்னு...

முதலாளி: வாசல்வரைக்கும் "வேலை வேணும்"னுதான் சொல்லிப் பாத்துட்டே வந்தேன். உன்னை... உங்களைப் பாத்ததும் வாய் பழைய பழக்கத்துல "ஆள் அனுப்பு"ன்னிடுச்சு.

மேஸ்திரி: சரி. குனிய முடியுமா?

முதலாளி: நல்லாக் குனிவேன். நிமிர்றதுதான் கொஞ்சம் லேட்டாகும்.

மேஸ்திரி: களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியுமா? வரப்புல நின்னு பாத்தவராச்சேன்னு கேக்குறேன்.

வீட்டுக்காரர்: நான் டெஸ்ட் வைக்கிறேன்! முதலாளி, இது என்ன சொல்லுங்க?

முதலாளி: கோரை.

வீட்டுக்காரர்: தப்பு! வெங்காயத்தாள். கொல்லையில நானே பறிச்சேன்.

முதலாளி: மோந்து பாருங்க தம்பி. வெங்காய வாசம் வருதா? அடியில பாருங்க, கட்டையா கிழங்கு. கோரைதான்.

மேஸ்திரி: கொண்டாங்க... ஐயோ, கோரையேதான்!

வீட்டுக்காரர்: அப்ப நேத்து ராத்திரி நாம சாப்பிட்டது?

மேஸ்திரி: ஒரு மனுஷன் நாள் முழுக்க வெங்காயத்தோடயே இருந்துட்டு, வெங்காயத்தாள் தெரியாம இருப்பானா!

வீட்டுக்காரர்: கம்பெனிக்கு வெறும் வெங்காயம்தான்டி வருது. தாள் எப்படி இருக்கும்னு நான் எங்க கண்டேன்!

முதலாளி: நேத்து சாப்பிட்டதுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. மாடு தின்னும்.

மேஸ்திரி: மாடு தின்னும்... கேட்டீங்களா? முதலாளி, நீங்க பாஸ். ஆனா கண்டிஷன் இருக்கு. யாரையும் "ஏய்"னு கூப்பிடக் கூடாது.

முதலாளி: கூப்பிட மாட்டேன்.

மேஸ்திரி: பாட்டு போட்டா நிறுத்தச் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் ஒரே கூலி. உங்களுக்குன்னு தனியா நாற்காலி வராது.

முதலாளி: தரையே போதும். டீ உண்டா?

மேஸ்திரி: ரெண்டு வேளை. ஸ்டாரையும் ரெண்டா ஏத்தி விடுறேன், போங்க.

முதலாளி: சந்தோஷம் மேஸ்திரி... அப்ப நாளைக்குக் காலையில எங்க வரணும்? தெரியாத இடம்னா இப்பவே வழி கேட்டுக்கிறேன். புது எடத்துல மொத நாளே லேட்டா வந்து நிக்கக் கூடாது பாருங்க.

வீட்டுக்காரர்: இப்பவாவது சொல்லட்டுமா?

மேஸ்திரி: நானே சொல்றேன்... குத்தகைக்கு எடுத்த அந்தப் பார்ட்டி எங்க பொம்பளைங்க குரூப்புதான், முதலாளி. எங்க பேரைக் கேட்டா குடுக்க மாட்டீங்களோன்னுதான் புரோக்கரை வாயைத் திறக்க விடல. உங்களுக்கு எதுக்கு வழி? பேசாம உங்க வயலுக்கு வந்துடுங்க.