கற்பூரத் தட்டைப் பிடித்தவள்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. தலைமை தாங்கியவள் ஓய்வு பெற்ற தமிழாசிரியை நாகமணியாகிய நான். குளிர் சற்று அதிகம். தேநீர் நன்றாக இருந்தது.

விசாரிக்கப்பட்ட குற்றம் நகைச்சுவை. கோயில் தலைவர் குகனேஸ்வரன், புதிய நுழைவாயிலின் முன் மாலையோடு நின்று எடுத்த படத்தைக் கோயிலின் முகநூல் பக்கத்தில் போட்டு, கீழே ‘வேனி, வீடி, வீசி’ என்று எழுதியிருந்தார். வந்தேன், பார்த்தேன், வென்றேன் என்று ஓர் உரோமானியத் தளபதி சொன்ன இலத்தீன் வாசகம் அது. அந்த வாயிலுக்குக் கல் சுமந்தவர்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள். தலைவர் வந்ததும் பார்த்ததும் உண்மை.

அன்றே அதன்கீழ் ‘கொழுந்து’ என்ற பெயரில் ஒருவர் விளக்கவுரை எழுதினார்: ‘இம்மூன்று சொற்களும் முறையே மாலை, மைக், மதிய உணவு எனப் பொருள்படும்.’

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. தானா ராத்தா நகரில் கடை வைத்திருக்கும் ஜெயா, ‘வந்தேன், பார்த்தேன், பார்க்கிங் இல்லாம திரும்பிட்டேன் லா’ என்றாள். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் போடும் மகேன், ‘வந்தாங்க, செல்ஃபி எடுத்தாங்க, ஒரு முட்டைக்கோஸ்கூட வாங்கல’ என்றான். மறுநாள் கொழுந்து முடித்து வைத்தது: ‘வந்தார், பார்த்தார், பந்தியில் முதலில் அமர்ந்தார்.’

தலைவருக்குப் பொறுக்கவில்லை. கொழுந்து யாரோ, அவரைத் திருவிழாவிலிருந்து விலக்க வேண்டும் என்றார். எங்கள் வழக்கப்படி, ஐயத்துக்குரியவர் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, ‘நான் இல்லை’ என்று அம்மன்மேல் சத்தியம் செய்ய வேண்டும். தட்டை விசாரணைத் தலைமை பிடிக்கும். பிடிப்பவரை யாரும் கேட்பதில்லை. விதி அப்படி, நான் உண்டாக்கியதன்று.

வரிசையாக அணைத்தார்கள். அகிலன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் தந்தை காலத்திலிருந்து அம்மன் ரதத்தை இழுப்பது அவர்கள் லோரி. இவ்வாண்டுக்கென்று புதிதாக மஞ்சள் வண்ணம் பூசியிருந்தான்.

“ஒரு ஜோக்குக்கெல்லாம் அம்மாள சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது லா. நான் அணைக்க மாட்டேன்.”

“அப்ப நீதான்டா கொழுந்து,” என்றார் தலைவர்.

“லோரிக்காரன் எழுதுற தமிழா தலைவரே அது?” என்று பின்னாலிருந்து கேட்டாள், கொழுந்து பறிக்கும் பூவிழி. மண்டபம் சிரித்தது.

அகிலன் திருநீறு எடுப்பதுபோலத் தட்டின்மேல் குனிந்தான். “‘முறையே’ன்னு இந்தத் தோட்டத்துல வேற யாரு டீச்சர் எழுதுவா?” என்றான் எனக்கு மட்டும் கேட்கும்படி. “நல்லா இருக்கு. விட்டுடாதீங்க.”

தட்டு அசையவில்லை. நெடுங்காலம் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வகுப்பில் ஒருவரும் சிரித்ததில்லை. கொழுந்துக்கு மலை முழுவதும் சிரித்தது. மேலும், விசாரணையின் நடுவே தலைமை தட்டைக் கீழே வைத்தால் கோயிலின் ஒழுங்கு என்ன ஆவது? அகிலனே விட்டுவிட வேண்டாம் என்றான். அவன் சொல்லை மதித்தேன்.

சத்தியம் செய்ய மறுத்ததால் அகிலனே குற்றவாளி என்றும், அவனுடைய லோரி மூன்று ஆண்டுகளுக்கு ரதம் இழுக்கக் கூடாது என்றும் முடிவு செய்யப்பட்டது. முதலில் கை தூக்கியவள் நான். கொழுந்தும் நான். இரண்டையும் முறையாகவே செய்தேன்.