சண்டைக் கப்பல் தேக்கு

இருங்கோ தம்பி, ரயிலில வேற இடமில்லை, இதை மடியில எடுத்து வைக்கிறன். கூர் ஒண்டுமில்லை, போர்வையால சுத்தித்தான் வச்சிருக்கிறன். வீட்டை கொண்டுபோறதோ வேண்டாமோ எண்டுதான் யோசினை. மனிசி இருக்கிறா. ஓம், மரந்தான், தேக்கு. தடவிப் பாருங்கோ, ஓட்டையள் தட்டுப்படும். கப்பல் ஆணி இருந்த இடம்.

விசரன் கதைக்கிறான் எண்டு நினையாதேங்கோ. வெள்ளைக்காரன் பாய் விரிச்சு ஓடின காலத்துச் சண்டைக் கப்பல். பம்பாயில கட்டினது. ரெண்டு பக்கமும் பீரங்கி. சீனாக்காரன்ர ஊருகளை அடிச்சு நொறுக்கினதாம். பிறகு நீராவிக் கப்பல் வந்திட்டுது, இவரை ஆர் பாக்கிறது? பாய்மரத்தை வெட்டிப்போட்டுக் கைதியளை அடைச்சாங்கள். அதுக்குப் பிறகு அம்மை வந்த சனத்தைக் கொண்டுபோய்க் கிடத்தினாங்கள். செத்ததுகளைக் கடலுக்கை போட்டதாம். கடைசியில உடைச்சு வித்தாங்கள்.

இஞ்சை எப்பிடியோ? சூரிச் ஏரிக்கரையில ஒரு பணக்காரன் வாங்கி மாடிப்படி போட்டவன். அவன்ர பேத்திக்குப் படி பிடிக்கேல்லை. நான் அப்ப ஷ்லீரன்ல தச்சுப் பட்டறையில வேலை, எங்களைத்தான் கழட்ட விட்டவை. கப்பலின்ர கதை முழுக்க அந்தப் பேத்தி சொன்னதுதான். சொல்லிப்போட்டு, எல்லாத்தையும் குப்பையில போடட்டாம்! எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. நான் மன்னார்க்காரன், கடல் கண்ட மரத்தை விடுவனோ? ஒரு பலகையைக் கேட்டு வாங்கினன்.

என்ன, ஓல்டன் ஸ்ரேசனோ? ஓம், போயிட்டுது. கண்டனான். அங்கதான் என்ர வீடு. இறங்கேல்லை. இண்டைக்கு ஏற்கெனவே ஒருக்கா பேர்ண் மட்டும் போய்த் திரும்பி வந்தனான்.

அவிழ்த்துக் காட்டவோ? அந்தப் பலகையில செய்த சிலுவை. ஜேசன் எண்டு வெட்டியிருக்கு, என்ர கையால வெட்டினது. எங்கட மூத்தவன். பதினேழு வயசு, மோட்டார் சைக்கிள். இவ்வளவு காலமும் அவன்ர தலைமாட்டில நிண்டுது. இஞ்சை குழிக்குத் தவணை இருக்காம் தம்பி. இருபது வருசம் முடிய எடுத்துப்போடுவினமாம். ஊரில சவக்காலையில தாட்டாத் தாட்டதுதானே? இஞ்சையும் அப்பிடித்தான் எண்டு இருந்திட்டம், ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. இண்டைக்குக் காலமை மட்டமாக்கிப் புல்விதை தூவிட்டாங்கள்.

பற்றிமாவுக்கு, என்ர மனிசிக்கு, நான் இன்னும் சொல்லேல்லை. அவ தனக்கும் அவன்ர பக்கத்தில இடம் பாத்து வச்சிருக்கிறா. இதோட போய்ப் பெல் அடிச்சா, அவதான் தம்பி வந்து கதவு திறப்பா.