எழுதாமல் விட்டதைக் கேட்ட மரியபுஷ்பம் அம்மையாருக்கு

வரலாற்றை வாய்ப்பாடாய் ஒப்பிக்காமல் வாய்திறந்து வினவக் கற்றுத் தந்த வணக்கத்துக்குரியவரே! ஆவணம் எதுவானாலும் ஆய்ந்து பார், அவசரப்பட்டு நம்பாதே என்று ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராய் நின்ற அம்மையீர்! செகந்திராபாத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் சாக்பீஸ் தூளோடும் சளைக்காத கால்களோடும் சுழன்று, இன்று பணி ஓய்வு பெறும் மரியபுஷ்பம் அம்மையாரே! உம்மிடம் பயின்று, உம்மிடம் திட்டு வாங்கி, உம்மால் ஆளான ஆசிரியர்கள் நாங்கள் அன்போடு வாசித்தளிக்கும் மடல் இது.

இதற்கு மேல் புகழக்கூடாது என்பது அம்மையாரின் கட்டளை. முதலில் எழுதிய மடலில் தாயுள்ளம், தங்கக்குணம், தன்னலமற்ற தொண்டு என்று தமிழாசிரியை சுமதி தாராளமாகத்தான் அள்ளித் தெளித்திருந்தார். படித்துப் பார்த்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இது நக்கோ, வேண்டாம் சுமதி. இதுல சுஷ்மா எங்க?” என்றார். சுஷ்மாவை எழுதாவிட்டால் மடலும் வேண்டாம், மாலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெறுகிறவரோடு மல்லுக்கட்ட முடியுமா? ஆகவே சொல்கிறோம். அவையில் விவரம் தெரியாதவர்கள் பலர் இருப்பதால், அம்மையாரை எதிரில் வைத்துக்கொண்டே ‘அவர்’ என்று பேச வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அலைந்த காலம் அது. மாதாபூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்ப, இங்கே எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஆங்கிலம் சரளமாய்ப் பேசியவர்களைக் கால் சென்டர்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். ஆண்டுதோறும் புதுமுகங்கள். அந்தப் புதுமுகங்களைச் சனிக்கிழமை சனிக்கிழமை உட்காரவைத்து, பாடநூலை மூடச் சொல்லி, ஆளுக்கொரு பழைய காகிதத்தின் நகலைக் கொடுப்பார் அம்மையார். ரேஷன் அட்டை, கண்டோன்மெண்ட் காலத்து நோய்த்தடுப்பு அறிவிப்பு, மாதாகோயில் திருமணப் பதிவு, ரயில்வே சுற்றறிக்கை என்று எதுவாகவும் இருக்கும். எழுதியது யார்? எப்போது? யாருக்காக? எதை எழுதாமல் விட்டார்? இந்த நான்கையும் பிள்ளைகளைக் கேட்கவைக்கத் தெரியாதவர் வரலாறு நடத்த லாயக்கில்லை என்பார். யார் என்ன பதில் சொன்னாலும் “ஆதாரம்?” என்று கையை நீட்டுவார். மழை பெய்கிறது என்றாலும் இந்த அம்மாள் ஆதாரம் கேட்பாள் என்று ஓய்வறையில் நாங்கள் கேலி செய்வோம்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஆவணத்தில் உள்ள ஆட்களின் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் வகுப்பில் கொடுக்க வேண்டும். பெயர் தெரிந்தால் பிள்ளைகள் சாதி, மதம், ஊர் என்று ஊகித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்களாம். வாக்கியத்தை மட்டும் வைத்து யோசிக்கட்டும் என்பது அவர் கட்சி.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆகஸ்டில் புதிய ஆசிரியர்களுக்காக அவரே ஒரு மாதிரி வகுப்பு எடுத்தார். ஒன்பதாம் வகுப்பு. கலேப், ஸ்டெல்லா முதலிய புதியவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்த் தொழிற்சாலைகளும் நாளைய வரலாறுதானே என்று, ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆலையில் மூன்றாண்டுகளுக்கு முன் நடந்த விபத்தின் விசாரணை அறிக்கையைத் தேர்ந்தெடுத்திருந்தார். இரவில் ரியாக்டர் கலன் வெடித்து ஒரு தொழிலாளி இறந்திருந்தார். விதிமுறையை மீறிய அவருடைய அலட்சியமே காரணம் என்றது அறிக்கை. விஸ்வநாத் என்ற அந்தப் பெயரை அம்மையார் தம் கையாலேயே மை பூசி மறைத்தார்.

வகுப்பு களைகட்டியது. அபினவ் என்ற பையன் எழுந்து, “கேர்லெஸ் ஃபெல்லோ, மிஸ். ஹி டிசர்வ்ட் இட்” என்றான். சில பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து சுஷ்மா எழுந்தாள். அந்த ஜூனில்தான் அல்வாலில் உள்ள பள்ளியொன்றிலிருந்து வந்து சேர்ந்த பெண். அன்று அந்தத் தொழிலாளி பகல் ஷிஃப்ட் முடித்து இரவும் தொடர்ந்து வேலையில் நின்றார், அது ஏன் இதில் எழுதவில்லை என்று கேட்டாள்.

அம்மையாருக்கு மனம் பூரித்துவிட்டது. நான்காவது கேள்விக்கு இப்படிச் சுளையாய் ஒரு பதில் எந்த வகுப்பிலும் வந்ததில்லை. பின்வரிசையைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கையை நீட்டினார். “ஆதாரம்?”

“ராத்திரிக்கு ரெண்டாவது சாப்பாட்டுக் கேரியரை நான்தான் மிஸ் ஆலை கேட்டுல குடுத்தேன். அவரு எங்கப்பா.”

சுஷ்மா உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். அவள் தகப்பன் இல்லாத பிள்ளை என்பது வகுப்பாசிரியைக்குத் தெரியும். அந்த வகுப்பாசிரியையோ முந்தைய வாரம்தான் ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டிருந்தார். வருகைப் பதிவேட்டில் அவள் வெறும் ‘சுஷ்மா வி.’ தான். காகிதத்தை நான்கு பக்கமும் துருவிப் பார்த்த அம்மையார், பெஞ்சில் இருக்கும் பிள்ளை யார் என்று ஒருவரையும் விசாரிக்கவில்லை.

மறுநாள் சுஷ்மா வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அம்மையார் மாரெட்பள்ளியில் ஆட்டோ பிடித்து ஜீடிமெட்லாவில் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். எப்படியாவது கையோடு அழைத்துவந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனத்தில் இருந்தது. வேறு பிரிவில் போடலாம், அபினவை மன்னிப்புக் கேட்க வைக்கலாம், தாமே காலில் விழுந்தாலும் தகும் என்று வழியெல்லாம் தமக்குள் பேசிக்கொண்டே போனாராம். சுஷ்மாவின் தாய் ரமணி அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பியிருந்தார். அதே ஆலையில், பேக்கிங் பிரிவில் வேலை. கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சுஷ்மா இருந்த உள்ளறையின் கதவு சாத்தியிருந்தது. ரமணி குரலைத் தாழ்த்தினார்.

“அலட்சியம்னு எழுதினதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது நான்தான் டீச்சர். போட்டாத்தான் பேக்கிங்ல எடுப்போம்னாங்க. இவளுக்கு அது தெரியாது. இப்ப யாரு எழுதினா, எதை விட்டான்னு என்னையே கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?”

பெண் பள்ளியில் வாய்திறந்து பேசி அது ஆலைவரை எட்டினால், இருக்கிற ஒரு வேலையும் போய்விடும் என்றார் ரமணி. பயம் நியாயமான பயம்தான். பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மையார் மீண்டும் மீண்டும் போனார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் கிடைத்தது. கதவு திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் ரமணி வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நிர்வாகம் பதறியது. இனி ஆவணப் பயிற்சி என்றால் கல்வெட்டும் செப்பேடும் போதும், வம்பு வேண்டாம் என்றார் செயலாளர் ராஜகோபால். “செத்தவங்க எல்லாரும் ராஜா இல்ல சார்” என்றார் அம்மையார். பயிற்சி நிற்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான்கு கேள்விகளுக்கும் முன்னால் ஒன்று வந்தது: இந்தக் காகிதத்தை வாசிக்கப்போகும் பிள்ளைகள் யார் யார்? பிள்ளைகளின் வீடுகளுக்கே போய் அதற்குப் பதில் தெரிந்துகொள்ளாத ஆசிரியர் எந்த ஆவணத்தையும் வகுப்புக்குள் எடுத்துப்போகக் கூடாது. வீடு வீடாய்ப் போகச் சொன்னால் பாடம் எப்போது முடிப்பது என்று நாங்கள் முணுமுணுத்தோம். அவர் அசையவில்லை. வாரக்கணக்கில் உழைத்துத் தயாரித்த ஒரு பாடத்தை, ஒரே ஒரு பையனின் முகத்தை நினைத்துக் கலேப் கிழித்துப் போட்டதை நாங்கள் பார்த்தோம்.

போன ஆண்டு பயிற்சிக்கு வந்தவர்களோடு ஜீடிமெட்லா போயிருந்தபோது, ஷிஃப்ட் விட்டு வெளியே வந்த பெண்களில் ஒருத்தி அம்மையாரைப் பார்த்து நின்றாள். தலையில் ஆலைத் தொப்பி. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தவறிவிட்டதாகவும், அம்மாவோடு அதே பிரிவில் இருப்பதாகவும் சொன்னாள். அம்மையார் நடுரோட்டில் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எங்கள் முன்னால் அவர் அழுதது அன்று ஒருநாள்தான்.

“நீங்க தப்பா ஒண்ணும் சொல்லித் தரல மிஸ். நான்தான் இப்ப யாரையும் எதையும் கேக்குறதில்ல” என்று சொல்லிவிட்டு, கம்பெனி பஸ் கிளம்புகிறது என்று ஓடிவிட்டாள் சுஷ்மா.

அம்மையீர்! நீர் விரும்பியபடியே எழுதிவிட்டோம். உம் பெருமைகளை எழுதாமல் விட்ட குறை எங்களுடையது. அவை எங்கள் வகுப்புகளில் இருக்கின்றன. கண்ணொளி மங்காமல், கால்வலி வாட்டாமல், உண்ட சோறு உடம்பில் ஒட்ட, உறவும் நட்பும் உடனிருக்க நீர் நெடுநாள் வாழ வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்பீர். சுஷ்மா மறுபடி எவரையாவது நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்கும் நாள்வரை. அதைக் காதால் கேட்டுவிட்டு, அதற்கு மேலும்.

உம்மைப் பிரிய மனமில்லாத,
பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும்
செகந்திராபாத், ஏப்ரல் 2012