எட்டாவது சுற்றுத் திருத்தம்

எங்கள் துறை அறைக்கு இரண்டு ஜன்னல்கள் உண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விசாரணைக் குழுவில் இருக்கும் உங்கள் மூவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் ஒருவர் மாடிப்படிக்குக் கீழே இரண்டு வருடம் ஒரு துறையையே நடத்தியவர்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நிதானமாகவே சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே பதினொரு துறைகள். இன்று நாற்பத்து மூன்று. முதலில் பெயர்ப்பலகை வரும், பிறகு துறைத்தலைவர், பிறகு மாணவர்கள். கட்டடம் வந்தால் கடைசியில் வரும். மாட்டுவதற்குச் சுவர் இல்லாமல் ஒரு பலகையை மரத்தில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு மாணவர் சேர்க்கை நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்களுடையது பழைய நிலப்படங்களின் வரலாற்றைப் படிக்கும் துறை. எங்களுக்கும் சுற்றுலாத் துறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் விருந்தினரை எப்படி வரவேற்பது என்று பாடம் நடந்தால், இந்தப் பக்கம் என் மாணவர்கள் தங்களை அறியாமல் புன்னகைப்பார்கள்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் துணைவேந்தர் ஒரு கூட்டத்தில் சொன்னார்: "அஞ்சு ஆராய்ச்சி மாணவர் இல்லாத துறை என் கணக்குல துறையே இல்ல. பக்கத்துத் துறையோட சேர்த்து விட்ருவேன்." சுற்றுலாத் துறைத் தலைவர் என் பக்கம் சாய்ந்து, "கவலைப்படாதீங்க சார். உங்க ஜன்னல நாங்க நல்லா பாத்துக்குவோம்" என்றார்.

என்னிடம் சரியாக ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் வெளிநாட்டில் கடை வைத்திருக்கிறார். ஒருவர் வங்கியில் வேலைக்குப் போய்விட்டார், ஆனால் மனதளவில் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. மூன்றாமவர் துணைவேந்தருடைய ஓட்டுநரின் மைத்துனர். நான்காமவர் வருடத்துக்கு ஒரு முறை கையெழுத்துப் போட வருவார், வரும்போது அறை எங்கே என்று விசாரிப்பார். இவர்களால் துறைக்கு எந்த ஆபத்தும் இல்லை. இவர்கள் முடிக்க மாட்டார்கள்.

ஐந்தாவதாக இருந்தவள்தான் உங்களிடம் புகார் கொடுத்திருப்பவள். அவள் என்று சொல்வதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு மகள் மாதிரி.

அவள் தினமும் ஒன்பது மணிக்கு வந்துவிடுவாள். பழைய நிலப்படங்களில் மட்டுமே இருந்த, நிஜத்தில் இல்லாத ஏரி ஒன்றைப் பற்றி ஆராய்ந்தாள். யாரோ ஒருவர் தவறுதலாக வரைந்த ஏரியை, அடுத்து வந்தவர்கள் பார்த்துப் பார்த்து நூற்றைம்பது வருடங்கள் வரைந்திருக்கிறார்கள். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. அழகான ஆராய்ச்சி. இருபத்தெட்டு வயதில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். விதிப்படி நான் அதைக் கடல் தாண்டி இருந்த ஒரு பேராசிரியருக்கு அனுப்பினேன். தேர்வாளரின் அறிக்கை உறையிடப்பட்டுத் துறைத்தலைவருக்கு வரும். நெறியாளர் அதைப் படித்து மாணவருக்குச் சொல்வார். எங்கள் துறையில் துறைத்தலைவரும் நான், நெறியாளரும் நான். விரிவாக்கத்தின் வேகத்தில் வேறு யாரையும் நியமிக்க முடியவில்லை.

நான்கு மாதத்தில் அறிக்கை வந்தது. ஒரே பக்கம். பட்டம் வழங்கலாம் என்று முதல் வரி. தாமதமின்றி நூலாக வெளியிட வேண்டும் என்று கடைசி வரி. படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன்.

அந்த உறையை மேஜை இழுப்பறையில் வைத்தேன். அதே வாரம் இன்னொரு பக்கம் தட்டச்சு செய்தேன். மூன்றாம் இயலை விரிவாக்க வேண்டும், மேற்கோள்களைச் சரிபார்க்க வேண்டும் என்று. கெட்ட ஆலோசனைகள் அல்ல. எந்த ஆய்வேட்டிலும் மூன்றாம் இயலை விரிவாக்கலாம்.

அவள் முகம் வாடியது. ஆனால் பத்து மாதத்தில் விரித்துக் கொண்டுவந்தாள். மறுபடியும் பட்டியல் எழுதினேன். மூன்றாவது சுற்றில் தேர்வாளரின் கையெழுத்து இல்லையே என்று அலுவலகம் கேட்டது. அதையும் போட்டேன். வருகைப் பதிவின் பின்பக்கத்தில் ஒரு மதியம் பழகினேன். கொஞ்சம் சாய்வு, கடைசியில் ஒரு சுழி.

போகப் போக அந்த அறிக்கைகள் எனக்கே பிடித்துப்போயின. என் சொந்தப் பெயரில் நான் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. மாணவியும் நம்பிக்கை வைத்தாள். "அவரு ரொம்பக் கறாரு சார். ஆனா என் எழுத்த வரி வரியா படிக்கிற ஒரே ஆளு அவருதான்" என்று ஒரு நாள் சொன்னாள். பட்டம் கிடைக்கும்வரை கடிதம் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் பெயரை அவளுக்குச் சொன்னேன். விதிமீறல்தான். அவளுடைய ஊக்கத்துக்காகச் செய்தேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நான்காம் ஆண்டில் அவளுடைய அப்பா வந்தார். ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, ஒரு என்ஜின மொத்தமா பிரிச்சு மாட்ட எங்களுக்கு ரெண்டு மாசம். இது என்னங்கய்யா, ஒரு பொஸ்தகம், ஆறேழு வருஷமாவா ஓடுது?"

"ஆராய்ச்சி என்ஜின் இல்லைங்க."

"அது தெரியுதுங்களே. என்ஜினா இருந்தா இந்நேரம் நகந்திருக்குமே."

எங்கள் அலுவலக உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வந்தவர் சிரிக்கவில்லை. ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தயாராக இருப்பதாகவும், பட்டச் சான்றிதழ் மட்டும்தான் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். "முப்பத்தஞ்சு வயசோட கதவ சாத்திருவாங்களாம். அதுக்குள்ள எம்பொண்ணு உள்ள போயிரணும்ங்கய்யா." முடிந்ததைச் செய்கிறேன் என்றேன். அந்த மாதம் வந்த அறிக்கை நீளமாக இருந்தது.

மறுவருடம் அலுவலக உதவியாளர் தபால்களை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "அந்தப் புள்ளையோட அப்பா போயிட்டாரு சார். கடைசி வரைக்கும், பட்டம் வாங்கிட்டாளா, பட்டம் வாங்கிட்டாளான்னே கேட்டாராம்." எனக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தச் சுற்றுத் திருத்தத்துக்கு இரண்டு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தேன். தேர்வாளர் பெயரிலேயே ஓர் ஆறுதல் வரியும் சேர்த்தேன். அவள் அதை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருப்பதைப் பிறகு பார்த்தேன்.

இதற்குள் அவளோடு படித்தவர்கள் இங்கேயே ஆசிரியர்களாகிவிட்டார்கள். அவர்களிடம் படித்தவர்களும் ஆகிவிட்டார்கள். எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றே கூப்பிடுவார்கள். உணவகத்தில் அவளைப் பார்த்தால், "என்ன பெரியக்கா, ஏரி வத்திருச்சா இல்லையா?" என்று கேட்பார்கள். "இன்னும் முழங்கால் அளவு இருக்கு" என்பாள். அவளுக்கும் ஒரு நகைச்சுவை உணர்வு இருந்தது. இங்கிருந்த காலத்தில்தான் அது வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

என் தவறு எட்டாவது சுற்றில் நடந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவளுடைய நன்றியுரையைப் படித்தேன். அப்பாவுக்கு ஒரு பக்கம், நூலகருக்கு ஐந்து வரி, எனக்கு ஒரே வரி. இத்தனை வருட உழைப்புக்கு ஒரே வரி. வருத்தம் எனக்காக அல்ல. ஆய்வு மரபு என்று ஒன்று இருக்கிறது. ஆகவே தேர்வாளரின் பெயரில் எழுதினேன்: 'நெறியாளரின் பங்களிப்பு நன்றியுரையில் போதுமான அளவுக்குப் பேசப்படவில்லை.'

அவள் நேர்மையானவள். எனக்கு ஒரு முழுப் பத்தி எழுதினாள். பிறகு, நெறியாளருக்கே ஒரு பத்தி என்றால் எட்டு முறை படித்த தேர்வாளருக்கும் ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவருடைய பதவியின் பெயரைச் சரியாக எழுத வேண்டுமே என்று, என்னிடம்கூடக் கேட்காமல், அவருடைய பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாள்.

பதில் அவருடைய மகளிடமிருந்து வந்தது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். அவள் கடிதத்தை என் முன்னால் வைத்தாள்.

"சார், இவரு இறந்து நாலு வருஷம் ஆகுது."

"தெரியும்மா. ஒரு ஆய்விதழ்ல படிச்சேன். பெரிய இழப்பு."

"எனக்குப் போன மாசம் ரிப்போர்ட் வந்துச்சே சார்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் முப்பது குரல்கள் ஒன்றாக, "வணக்கம், தங்களுக்கு நாங்கள் எவ்வாறு உதவலாம்?" என்றன.

"அந்தப் பொண்ணோட புத்தகம் வந்துச்சான்னு சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாராம்" என்றாள். கடிதத்தை மடித்துக்கொண்டே, "நான் முதல்லயே நல்லாத்தான் எழுதியிருந்தேனா சார்?" என்று கேட்டாள்.

"முதல் தடவையே ரொம்ப நல்லா எழுதியிருந்தே" என்றேன். ஒரு மாணவரிடம் பொய் சொல்வது என் இயல்பில் இல்லை.

"எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சு பதினாறு நாள் ஆச்சு சார்." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. மேஜை இழுப்பறையைத் திறக்கச் சொன்னாள், திறந்தேன். முதல் உறையை எடுத்துக்கொண்டு நேராக உங்கள் அலுவலகத்துக்கு வந்தாள் என்று அறிகிறேன்.

ஆக, எட்டு அறிக்கைகளையும் நான்தான் எழுதினேன். ஆறு கையெழுத்துகளை நான்தான் போட்டேன். உண்மையான அறிக்கையை ஏழு வருடம் பூட்டி வைத்திருந்ததும் நான்தான். இதில் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். துறை இன்னும் இருக்கிறது. இதற்கிடையில் பல்கலைக்கழகம் தரப்பட்டியலில் பன்னிரண்டு இடங்கள் முன்னேறியிருக்கிறது.

அவளுக்கு உடனே பட்டம் வழங்க நீங்கள் பரிந்துரைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. ஆனால் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த வயதில் அந்தப் பெண் எங்கே போவாள் என்று யாராவது யோசித்தீர்களா? நான் யோசித்தேன். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கும் இந்த ஆண்டிலிருந்து மாணவர் எண்ணிக்கையில் இடம் உண்டு, வயது வரம்பு கிடையாது. எங்கள் துறையிலேயே சேர்வதற்கான விண்ணப்பத்தை அவளுக்காக நானே நிரப்பி இதனுடன் இணைத்திருக்கிறேன். அவள் இப்போது என் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதில்லை என்பதால் தாமதம் வேண்டாமென்று அவளுடைய கையெழுத்தையும் போட்டுவிட்டேன்.