சத்தம் போடாத பிள்ளை

உருளைக்கிழங்கைச் சேமித்து வைக்கும் குழி இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது, ஐயா. எங்களுடையது மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. ஓர் ஆள் குந்தி உட்காரும் ஆழம்.

என் மகள் முனிசாவை ஐந்து வயதிலிருந்து வாரம் ஒருமுறை அதில் இறக்கிவிடுவேன். பலகையால் மூடிவிட்டு, மேலே நின்று மண்வெட்டியால் தட்டுவேன், பெயர் சொல்லிக் கத்துவேன். அவள் வாய் திறக்கக் கூடாது. அடித்ததே இல்லை; அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விசும்பினால் முதலிலிருந்து தொடங்குவோம், அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் வக்ஷ் பள்ளத்தாக்குக்கு உள்நாட்டுச் சண்டை வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா, நான், நான்கு வயதுத் தங்கை அனோரா மூவரும் இப்படியொரு குழியில் ஒளிந்திருந்தோம். துப்பாக்கிக்காரர்கள் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தோம். அனோரா இருமினாள். இருவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சாக்குக்கு அடியில் கிடந்த என்னை யாரும் பார்க்கவில்லை.

என் மனைவி குல்பஹோருக்கு இது புரிந்ததே இல்லை. "சண்டை முடிஞ்சு எத்தன வருஷமாச்சு? நம்ம தெருவுக்குக் கரண்ட்டே ஒழுங்கா வர்றதில்ல, துப்பாக்கிக்காரனா வரப்போறான்?" என்பாள். "முட்டி பேந்து வந்தாலும் புள்ள அழமாட்டேங்குறா. ஊமையான்னு டீச்சர் கேக்குறாங்க." எனக்கு அது கேட்க நிறைவாக இருந்தது.

போன மாதம் குல்பஹோர் தன் தம்பி கல்யாணத்துக்குக் குலோப் நகரத்துக்குப் போனாள். எட்டு வயது முனிசா பள்ளிக்கூடத்துக்காக என்னோடு இருந்தாள். முதல் நாள் சூப்பைத் தொடவில்லை. இரண்டாம் நாள் பள்ளியிலிருந்து வந்ததும் சுருண்டு படுத்துச் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றி கொதித்தது.

"வயிறு வலிக்குதாம்மா?"

"இல்லப்பா." கண்ணில் நீர் நின்றது. "நான் சத்தம் போடலப்பா. சரியாத்தான இருக்கேன்?"

"சரியா இருக்கடா கண்ணு," என்று ஒரு கற்கண்டு கொடுத்தேன். வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

எதிர்வீட்டில் கார் உண்டு. ஆஸ்பத்திரி பத்து நிமிடம்.

மூன்றாம் நாள் மதியம் குல்பஹோர் வந்தாள். பிள்ளையைத் தொட்டுப் பார்த்து அவள் போட்ட அலறலில்தான் எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். குடல்வால் வெடித்து ஒரு நாளாகிவிட்டது என்றார் டாக்டர். "இந்த வலிக்குப் பெரியவங்களே ஊரக் கூட்டிடுவாங்க. கொழந்த ஒண்ணுமே சொல்லலையா?" மாலைக்குள் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

தெரியாமல் விட்டாயா, தெரிந்தே விட்டாயா என்று கேட்டீர்கள். தெரிந்துதான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தாங்குகிறாள் என்று பார்த்தேன். அன்றைக்கு அவளை அழவிட்டிருந்தால் மூன்று வருடப் பழக்கம் வீணாகியிருக்கும்.

குல்பஹோர் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. போகப் போகப் புரிந்துகொள்வாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோதுகூடப் பிள்ளை வாய் திறக்கவில்லை, அவளும் பார்த்தாளே.

எவன் தேடி வந்திருந்தாலும் என் பிள்ளை பிழைத்திருப்பாள், ஐயா.