கையெழுத்து நோட்டு

உத்தரகோசமங்கையிலிருந்து ராமநாதபுரம் போகும் காலைப் பஸ். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த நெரிசலில் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் மிளகாய் வத்தல் பை வைத்திருந்த இளையவள் சொன்னாள்:

"எம்மக என்கிட்டப் பேசிப் பதினோரு நாளாச்சுக்கா."

"என்ன, கோவமா?" என்றாள் மூத்தவள்.

"கோவமெல்லாம் இல்ல. ராம்நாட்டுல இங்கிலீஷ் டியூசன் சேத்தோம்ல. வீட்லயும் தமிழ் பேசக் கூடாதாம். தமிழ் பேசலன்னு தெனமும் நோட்டுல நான் கையெழுத்துப் போடணும்."

"நீ பாட்டுக்குப் போட்டுவிட வேண்டியதுதான. டீச்சர் வந்து பாக்கப்போகுதா?"

"நானும் அதத்தான் சொன்னேன். பொய்க் கையெழுத்து வேணாம்னு தலைய ஆட்டுது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அது வாயத் தொறக்குறதில்ல. முந்தாநாள் காய்ச்சல் அடிச்சதக்கூட நெத்தியத் தொட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப நிப்பாட்டிரு."

"எப்படி நிப்பாட்டுறது? விதைக்கு எடுத்து வச்ச வத்தலையும் வித்துல்ல பீஸு கட்டிருக்கோம். இந்தப் பையும் அதுக்குத்தான் போகுது."

மூத்தவள் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இளையவளே மறுபடி ஆரம்பித்தாள்.

"நேத்து கோயிலுக்குக் கூட்டிப் போனேன்க்கா. சாமி முன்னால ஒதடு அசஞ்சுச்சு. கொரலக் கேட்டாப் போதும்னு குனிஞ்சு காதக் குடுத்தேன். தமிழ்லதான் கும்புட்டுச்சு."

"என்னன்னு?"

"எங்கம்மாவுக்குச் சீக்கிரம் இங்கிலீஷு வரணும்னு."