மந்திரியோடு இறங்கிய நாற்காலி

புஸ்ஸ்ஸ்ஸ்... கேட்டுச்சா? இதே சத்தம்தான் தம்பி! நேத்து பதினொரு மணிக்கு, நம்ம மந்திரி பேசிட்டிருக்கும்போது! "இனிமே மேல கீழங்கற பேச்சே கிடையாது, ஆப்பிரிக்க நாடுகளும் நாமும் சமமான கூட்டாளிகள்"னு சொல்லி வாய் மூடல... ஆளு இந்த நாற்காலியோட அப்படியே எறங்கறாரு. மெதுவா. லிஃப்ட்ல போற மாதிரி. பேச்ச மட்டும் நிறுத்தலயே, அதுக்கு அவர மெச்சிக்கணும். கடைசில மேசைக்கு மேல மூக்குக் கண்ணாடியும் கொடியும்தான் தெரிஞ்சுது.

அதுக்கு நானா பொறுப்பு? நீ நாற்காலிய கவுத்துப் போட்டு நல்லா பாரு, நான் பாட்டுக்கு டம்ளர் தொடைக்கறேன். ஆனா ஒண்ணு, அந்த ரிப்பேர் சீட்டுல நீ எழுதப்போற ஒரு வரிலதான் என் வேலை இருக்கு. "பழசாகிப்போச்சு"ன்னு எழுதினா நான் இருப்பேன். "ஊழியர் கவனக்குறைவு"ன்னு எழுதினா இந்த எர்மெலிண்டா வீட்டுக்கு! மேனேஜர் வலதாரிஷ் காலைலயே சொல்லிட்டாரு. அறுபத்துமூணு வயசுல, இந்த லிஸ்பன்ல, என்னை வேற யாரு கூப்பிடப்போறா?

உன் பேரு என்ன, சட்டைல... அடெலினோ. ஆப்பிரிக்காவா, கினி-பிசாவ் பக்கமா? தலையாட்டற. அதான பாத்தேன், அந்த நெத்தியப் பாத்தப்பவே நெனச்சேன். நான் கேப் வெர்தே தீவு. மிண்டேலோ ஊரு. வந்து இருபத்தொம்பது வருஷம் ஆச்சு.

எங்க விட்டேன்... ஆங், மாநாடு. மொதல்ல இதுக்கு "உதவி மாநாடு"ன்னு பேரு. அப்புறம் "ஒத்துழைப்பு." இந்த வருஷம் "கூட்டாண்மை." வாசல்ல பலகை மூணு தடவ மாறிச்சு தம்பி, ஆணி மட்டும் அதே ஆணி. நீள மேசைன்னா தலமாடு கால்மாடு வருதாம், வட்ட மேசை வேணுமாம். வந்துது. கதவுல நுழையல! ரெண்டா அறுத்து உள்ள கொண்டாந்து ஒட்டினாங்க. அந்த ஒட்டு இருக்கற எடத்துல கை வெக்காத, சதைய கடிச்சுடும். ஃப்ரெஞ்சுக்காரர் ஒருத்தர் கடி வாங்கிட்டு, "எங்க ஊர் மேசையும் இப்படித்தான்"னாரு. நல்ல மனுஷன். பெல்ஜியத்துக்காரர் வந்தாருன்னா பாரு, பிஸ்கட்...

என்ன? ஓ, எத்தன நாளா கெட்டிருக்குன்னா? நாளா! ஒம்பது வருஷம்! ஏழு தடவ எழுதிக் குடுத்தேன். "பரவால்ல எர்மெலிண்டா, அத விருந்தாளிங்க பக்கம் போட்டுடு"ன்னாரு வலதாரிஷ். போட்டேன். என் கையாலதான் போட்டேன். அங்கோலாக்காரர் எறங்கினாரு. சாவோ தோமே நாட்டு அம்மா எறங்கினாங்க, ஏற்கெனவே குள்ளம் பாவம், மைக் எட்டல. ஒரு தடவ எங்க ஊரு ஆளு... என் சித்தப்பா பையன் ஜாடை அப்படியே. அவரும்தான் எறங்கினாரு. நான் இங்க, இந்தத் தூணுகிட்ட நின்னு பாத்துட்டிருந்தேன். அவங்கல்லாம் என்ன பண்ணினாங்க தெரியுமா? பேப்பர மடியில வெச்சுக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்தாங்க. அப்பல்லாம் யாரும் விசாரிக்கல. ரிப்பேருக்கு உன்னக் கூப்பிடல.

போன வாரம் புது உத்தரவு வந்துது, நாலு பக்கம். இனிமே எல்லாமே முறை வெச்சுத்தானாம். யாரு மொதல்ல பேசறது, யாரு ஜன்னல் பக்கம், யாரு கதவுப் பக்கம்... ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வரணுமாம். நான் பள்ளிக்கூடம் நாலு வருஷம்தான் போனேன், ஆனா ராத்திரி உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். எல்லாத்துக்கும் முறைன்னா இதுக்கும் முறை உண்டுல்ல? விருந்தாளிங்க பக்கம் ஒம்பது வருஷம் எறங்கியாச்சு. அதனால நேத்து காலைல நானே இத உருட்டிட்டுப் போயி மந்திரி எடத்துல...

ஐயோ. பாரு. இந்த வாய் இருக்கே...!

கேட்டுட்டியா? கேட்டிருப்ப. திருப்புளிச் சத்தம் நின்னுபோச்சே. சரி, ஆமா, நான்தான். தெரிஞ்சேதான். குறும்புக்குப் பண்ணல தம்பி, உத்தரவ ஒழுங்கா படிச்சேன், அவ்ளோதான். சிரிப்பு வந்துது, அது வேற விஷயம். தூணுக்குப் பின்னாடி போயி சிரிச்சேன். அப்புறம் ஏனோ கண்ணு கலங்கிடுச்சு... அத விடு.

நீ உள்ளத எழுது. ஒரு தொழிலாளிகிட்டப் போயி பொய் எழுதச் சொல்லி கெஞ்சறது அசிங்கம். "எர்மெலிண்டா வேணும்னே பண்ணினா"ன்னு எழுது. "எர்மெலிண்டா"வுக்கு மொதல்ல ஹெச் போடாத, வலதாரிஷ் எப்பவும் போடுவாரு, எனக்கு அதுவே... தம்பி?

தம்பி...! அடெலினோ!

போயிட்டானா? பெட்டியையும் காணோம். ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போயிருக்கலாமே... சீட்ட மேசை மேலயே விட்டுட்டுப் போயிருக்கான். இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன்...

"நாற்காலியில் பழுது இல்லை. ஊழியர் மீதும் தவறு இல்லை. உட்கார்ந்தவர் பேச்சு வேகத்தில் அடியிலுள்ள பிடியைத் தானே இழுத்துவிட்டார்."

அட பாவி...! தானே இழுத்துவிட்டாராமே!

கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் போட்டிருக்கான். அப்படீன்னா இத சரி பண்ணவே இல்லையா? பழுதே இல்லன்னு எழுதினப்புறம் எதச் சரி பண்றது...

ம்.

மூணு மணிக்கு அடுத்த கூட்டம். இந்த நாற்காலி இன்னிக்கு யாரு முறையோ... துணி எங்க... இந்தா இருக்கு. பதினாலு டம்ளர் தொடச்சாச்சு. பதினஞ்சு... இதுல யாரோட ஒதட்டுச் சாயமோ, போகமாட்டேங்குது... பதினாறு...